கொக்கி விடும் நேரம்

‘ரிலீஸ்’ என்ற சொல்லை இருபது வருடங்களாக மொழிபெயர்த்து வருகிறேன். படம் என்றால் வெளியீடு. கைதி என்றால் விடுதலை. அணைத் தண்ணீர் என்றால் திறப்பு. இந்தச் சொல்லால் விரல் போகும் என்பது 2022-ல்தான் தெரிந்தது.

அந்த ஆண்டு ஆசிய-பசிபிக் ரோபோகான் போட்டி தில்லியில் நடந்தது. விளையாட்டு லகோரி, அதாவது நம்மூர் ஏழு கல். கல்லுக்குப் பதில் ஐந்து வட்டுகள், பந்தெறிவது ரோபோ. தேசியச் சுற்றுக்காக என் மகனின் கல்லூரி அணி ஸ்பிரிங்கை நம்பி ஒரு எறிகையைச் செய்தது. ஒரு ஞாயிறன்று வேடிக்கை பார்க்கப் போனேன்.

ஸ்பிரிங்கை 20 செ.மீ. இழுத்துக் கொக்கியில் மாட்டினார்கள். கொக்கியின் மேல் 40 கிலோ சுமை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 4 கிலோ கல் விழுந்தால் என்ன அடியோ, அவ்வளவு சக்தி அதற்குள். பொத்தானை அழுத்தினார்கள். கொக்கி அசையவில்லை. இரும்போடு இரும்பு உரசும்போது சுமையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலே 8 கிலோ விசை தேவை. சின்ன மோட்டார் பாதி இழுத்துவிட்டு முனகிக்கொண்டிருந்தது.

“ஒரு தட்டு தட்டினா போதும்” என்று மகன் ஸ்குரூடிரைவரை நீட்டினான்.

“கையை எடுடா!”

“என்னப்பா?” என்று கையை இழுத்தான். ஸ்குரூடிரைவர் கொக்கியில் பட்டது. ஒரு நொடி முன்பு அவன் விரல்கள் இருந்த இடத்தை எறிகை கடந்துபோனது.

எம்.ஏ. படித்தபோது, சிலப்பதிகாரத்தில் வரும் மதுரை மதிலின் வளைவிற்பொறிக்கு உரை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தானே வளைந்து அம்பெய்யும் இயந்திரம். வளைந்ததை எது பிடித்து வைத்திருந்தது, எப்படி விட்டது என்று ஆசிரியர் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் கொக்கி முனையில் பேரிங் உருளை பொருத்தினார்கள். உரசல் போய் உருளல் வந்தது. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு நெம்புகோல். இப்போது அதே மோட்டார் சுலபமாக விடுவித்தது. எல்லோரும் கையை எடுத்த பிறகே உருவ வேண்டிய பாதுகாப்பு ஊசி ஒன்று. சிக்கிக்கொண்டால் ஸ்பிரிங்கை மெல்லத் தளர்த்த ஒரு வழி. இந்தக் கடைசி இரண்டும் பந்தை ஒரு அங்குலம்கூடத் தள்ளி எறியாது. முதலில் அவற்றை விட்டுவிட்டதற்கு அதுதான் காரணம்.

அணி சீக்கிரமே தோற்றது. வருத்தமில்லை.

அன்றிரவு அவன் அம்மாவிடம் நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.