ஆள்காட்டியின் முட்டைகள்

ஆசிரியப் பணியில் இருப்போர் வாழ்நாள் முழுவதும் கேள்வி கேட்கின்றனர். ஆனால், விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்கின்றனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாறே கேட்டுப் பழகிய எங்கள் இருவருக்கும், விடை தெரியாத ஒன்றைப் பலர் முன்னிலையில் கேட்பது எத்தனை கடினம் என்பது 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில்தான் விளங்கிற்று.

எங்களில் ஒருவர் தமிழாசிரியர். மற்றவர் உயிரியல் ஆசிரியை. ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டைக்கு அப்பால், குளத்தங்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வீடு கட்டிக் குடியேறியிருந்தோம். ஊரடங்கில் வாசற்கதவு அடைபட்டது. மொட்டை மாடி மட்டும் திறந்திருந்தது. மகன் எப்போதோ வாங்கித் தந்து, பெட்டியிலேயே கிடந்த கேமராவை அப்போதுதான் வெளியே எடுத்தோம்.

ஒரு காலைப்பொழுதில், பக்கத்து வேம்பில் உடலெங்கும் புள்ளியும் கோடுமாய்ப் பழுப்பு நிறத்தில் பெரிய பறவை ஒன்று அமர்ந்திருந்தது. கண்கள் இரத்தச் சிவப்பு. படம் பிடித்து, பறவைகளை இனங்காண உதவும் முகநூல் குழு ஒன்றில் இட்டு, “இது எவ்வகை வல்லூறு?” என்று கேட்டோம். வல்லூறு என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. சில மணித்துளிகளில் விடை வந்தது: “பெண் குயில்.”

குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவர், அம்முட்டையை இடும் பறவையை அறுபது வயதுவரை கண்டதில்லை! அடுத்து, தமிழாசிரியர் தம் பங்குக்கு, “அப்படியானால் கூவுவது இதுதானா?” என்று கேட்டு வைத்தார். “இல்லை ஐயா, ‘குக்கூ’ என்று கூவுவது கரிய நிறத்து ஆண். பெண் ‘கிக் கிக் கிக்’ என்று கத்தும்” என்று யாரோ ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தாள். பாடும் குயிலைப் பெண்ணாக்கி எத்தனை வகுப்புகளில் எத்தனை அழகாக விளக்கியிருக்கிறோம்! அன்று மாலைவரை நாங்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் மீண்டும் கேட்டோம். மெல்ல மெல்லக் கேட்கும் முறையும் பிடிபட்டது. படத்தோடு இடம், நாள், நேரம், நீர்நிலையா வயலா என்ற குறிப்பு ஆகியவற்றைத் தர வேண்டும். பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். நம் ஊகத்தைச் சொல்லலாம். ஆனால் அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். ஈபேர்டு என்று ஓர் இணையதளம் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கியது. அதில் அரிதான பறவை ஒன்றைப் பதிந்தால், அப்பகுதிப் பதிவுகளைப் பார்வையிடும் தன்னார்வலர் எவரேனும், “எதைக்கொண்டு உறுதி செய்தீர்கள்?” என்று பணிவாகக் கேட்டு எழுதுவார். முதன்முறை அக்கடிதம் வந்தபோது எங்களுக்குச் சுருக்கென்றது. பிறகுதான், மாணவர்களிடம் நாங்கள் ஒருபோதும் கேளாத கேள்வி அது என்பது நினைவுக்கு வந்தது. அவர்களிடம் விடையைக் கேட்டோமேயன்றி, அதை எவ்வாறு அறிந்தார்கள் என்று கேட்டதில்லை.

இவ்வகைக் கூட்டுக்கல்வி புதியதன்று. ஆலன் ஆக்டேவியன் ஹியூம், காங்கிரசு மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம், 1872-இல் பறவைகளுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். நாடெங்கும் பணியிலிருந்த அதிகாரிகளோடு மடல் வழியே குறிப்புகளைப் பரிமாறினார். சலீம் அலி சிறுவனாயிருந்தபோது, தான் சுட்ட சிட்டொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, இது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். மில்லார்டு என்ற துரை சிரித்து அனுப்பிவிடாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அன்று அதற்குப் பம்பாயில் இருக்க வேண்டியிருந்தது. இன்று மொட்டை மாடி போதும். அவ்வளவே வேறுபாடு என்று முதலில் எண்ணினோம்.

முகநூலிலிருந்து எங்கள் மாவட்டத்தாரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தோம். மருத்துவர், தபால்காரர், பனைத்தொழிலாளி, பள்ளிச் சிறுமி என்று பலதரத்தாரும் அதில் இருந்தனர். இன்னொருவர் மோட்டார் பழுதுபார்க்கும் இளைஞர். வயல்வெளிக் கிணறுகளில் நீர்மூழ்கி மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் தொழில். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்றாம். (எந்தப் பள்ளி என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க அஞ்சினோம் என்பதே சரி.)

ஒருநாள், உண்மையான வல்லூற்றின் குரலையே பதிவு செய்துவிட்டோம் என்ற பெருமிதத்தில் ஒலிப்பதிவொன்றை அனுப்பினோம். சற்று நேரத்தில் அவர் குரல் வந்தது: “டீச்சர், அது வல்லூறு இல்ல. கரிச்சான். மைனா கூட்டத்த ஏமாத்துது.” மைனாக்கள் புழு பூச்சிகளைக் கிளறி மேய்கையில், கரிச்சான் வல்லூற்றைப் போலக் கத்தும், அவை அஞ்சிப் பறந்ததும் இரையைத் தான் எடுத்துக்கொள்ளும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டோம். “மோட்டார்ல எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு சத்தத்த வச்சே சொல்லணும், சார். பழகிட்டா பறவையும் அவ்வளவுதான்” என்றார். இப்போது குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் என்ற செயலி எங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அது தவறும்போது, ஏன் தவறிற்று என்று கேட்டால் அதனிடம் விடையில்லை.

பெறுவது மட்டுமே எங்கள் வேலையாக இருந்ததில் வெட்கம் இருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் சென்று பறவைகளின் வழக்குப் பெயர்களைத் திரட்டிக் குழுவில் எழுதலானோம். அந்தியில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்றும், மாம்பழ நிறத்ததாகையால் மாம்பழச்சிட்டு என்றும் நம்மவர் வைத்த பெயர்கள் இளையோருக்குப் புதியனவாக இருந்தன. மோட்டார்க்காரத் தம்பி தம் குறிப்புகளை அனுப்பிப் பிழை திருத்தித் தரக் கேட்பார். பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் தமிழகத்தில் 2015 முதல் நடந்து வருகிறது. 2021-இல் நாங்களும் சேர்ந்து எண்ணினோம். எங்கள் பக்கத்தைப் பின்தொடர்வோர் சில நூறு பேராயினர். அந்த எண்ணிக்கை எங்களுக்குப் பிடித்திருந்தது.

2022 சித்திரையில் குளம் பாதி வற்றியிருந்தது. கரையோரச் சரளையில், வெறும் குழிவொன்றில், கல்லோடு கல்லாகச் சிவப்புமூக்கு ஆள்காட்டியின் முட்டைகள் நான்கு கிடந்தன. தொலைவிலிருந்தே படம் எடுத்தோம். நல்ல பதிவுக்கு இடக்குறிப்பு வேண்டும் என்று கற்றிருந்தோம் அல்லவா? குளத்தின் பெயர், மடையிலிருந்து எத்தனை அடி, எந்தக் கருவேல மரம் என்று ஆசிரியருக்கே உரிய துல்லியத்தோடு எழுதி, எங்கள் பக்கத்தில் வெளியிட்டோம்.

அன்றிரவே தம்பியிடமிருந்து தனிச்செய்தி வந்தது: “டீச்சர், எடத்த மட்டும் எடுத்துடுங்க.” குழுவில் எல்லோரும் காணச் சொல்லாமல், தனியே சொன்ன அந்தப் பண்பைக்கூட நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. பாராட்டுகள் வந்துகொண்டிருந்தன. கூடு பற்றி உயிரியல் படித்தவருக்கு இவர் சொல்லித் தருவதா என்ற எண்ணம் எங்களுக்கு எழவில்லை என்று எழுதினால் அது பொய். எடுக்கவில்லை.

ஞாயிறு காலை, குளக்கரையில் நீண்ட லென்சுகளோடு மூவர். பத்து மணிக்கு எழுவர். ஒருவர் மடக்கு நாற்காலி கொண்டு வந்திருந்தார். பறவைகள் தலைக்குமேல் வட்டமிட்டுக் கதறிக்கொண்டிருந்தன. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அதற்கு ஆள்காட்டி என்று பெயர்; இம்முறை அதைக் காட்டிக்கொடுத்தவர்கள் நாங்கள். போய்ச் சொன்னபோது, “உங்க பதிவப் பாத்துத்தான் வந்தோம், சார்” என்று மரியாதையோடு எழுந்து நின்றார்கள். எங்களைப் போலவே பணி ஓய்வு பெற்றோர் இருவர் அவர்களுள் இருந்தனர். இன்னும் சில படங்கள் என்று கேட்டுக்கொண்டு, உச்சி வெயில்வரை இருந்தார்கள்.

கோடை நடுப்பகலில் ஆள்காட்டி முட்டைமேல் அமர்வது சூடேற்ற அன்று, நிழல் தர. நீரில் தன் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கவும் செய்யும். தாயும் தந்தையும் மூன்று மணி நேரம் வானில் இருந்தால், சரளைமேல் அம்முட்டைகள் என்னவாகும் என்பதைப் படித்தறிய வேண்டியதில்லை. மறுநாள் முட்டைகள் இருந்தன, பறவைகள் இல்லை. அதற்கடுத்த நாள் காகங்கள் இருந்தன.

தம்பியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். நெடுநேரம் பேச்சில்லை. பின்பு, “நானும் ஒரு தடவ இப்படிச் செஞ்சவன்தான், டீச்சர்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பழைய பதிவை நீக்கி, நடந்ததை நடந்தவாறே எங்கள் பக்கத்தில் எழுதினோம். தம்பியின் செய்தி வந்த நேரத்தையும், நாங்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதையும் மறைக்கவில்லை. சிலர் எங்களைப் பின்தொடர்வதை நிறுத்திக்கொண்டனர். சிலர் தம் பக்கங்களிலிருந்த கூட்டுப் படங்களை எடுத்துவிட்டதாக எழுதினர். குயிலைப் பற்றித் திருத்திய அந்த மாணவி மட்டும், “ஐயா, முட்டை பொரிக்க எத்தனை நாள் பாக்கி இருந்திருக்கும்?” என்று கேட்டிருந்தாள். ஆள்காட்டி ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். முதல் முட்டை எந்நாளில் இடப்பட்டது என்று நாங்கள் பார்த்திருக்கவில்லை. தெரியாது என்று விடை எழுதினோம்.

அடுத்த சித்திரையில், குளத்தின் தென்கரையில், ஆள்காட்டி இணையொன்று ஓரிடத்தையே சுற்றிச் சுற்றி நடந்தது. கேமராவை வீட்டில் வைத்துவிட்டுத் தொலைநோக்கியோடு மாலையில் மட்டும் போனோம். பெண் அமர்ந்துவிட்டாள் என்று உறுதியானதும் தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினோம். இடத்தை எழுதத் தொடங்குமுன் அவரே விடை அனுப்பினார்: “சந்தோஷம் டீச்சர். எங்கன்னு எனக்கும் சொல்ல வேண்டாம்.”

அன்று ஈபேர்டில் பதிந்தது ஒரே வரி: சிவப்புமூக்கு ஆள்காட்டி, 2.