கடக்வாஸ்லாவில் ஆடிப் பதினெட்டு

புனா நகரில் வாழும் நம்மவர் வீடுகளில் ஆடி பிறந்தவுடன் ஒரு விவாதம் எழுவதுண்டு. பதினெட்டாம் பெருக்கிற்குச் சித்திரான்னம் செய்வதா, வேண்டாமா என்பதே அது. அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் ஓடுகின்ற குடும்பத்தில், விடியுமுன் எழுந்து ஐந்து வகைச் சோறு கிளறுவது வீண் சிரமம் என்பது ஒரு கட்சி. பெரியோர் செய்து வந்ததை விடலாகாது என்பது மற்றொரு கட்சி. என் வீட்டில் முதற் கட்சிக்குத் தலைவி என் மனைவி. இரண்டாம் கட்சிக்குத் தலைவி என் தாயார். நான் எந்தக் கட்சி என்று கேட்பீர்களாயின், அடுப்படியில் நிற்க வேண்டிய கடமை இல்லாத ஆண்பிள்ளை பெரும்பாலும் எந்தக் கட்சியில் இருப்பானோ அதில்தான் நெடுநாள் இருந்தேன்.

எங்கள் சொந்த ஊர் குளித்தலை. திருச்சியிலிருந்து கரூர் செல்லும் இருப்புப் பாதையில் காவிரியின் தென்கரையில் உள்ளது. அவ்விடத்தில் ஆறு மிக அகன்றது. கடம்பந்துறையில் நின்று நோக்கினால் எதிர்க்கரையிலுள்ள முசிறி மங்கலாகத் தெரியும். ஆடிப் பதினெட்டன்று ஊரே மணலில் இருக்கும். பெண்கள் மஞ்சள் சரடு மாற்றிக் கட்டிக் கொள்வார்கள். காதோலையும் கருகமணியும் காப்பரிசியும் வைத்துக் காவிரித் தாயை வணங்கிய பிறகு, கொண்டு வந்த கட்டுச்சோற்றைத் தாயார் உருட்டி உருட்டிக் கையில் வைப்பார். அப்போது இலை இல்லை. எத்தனை கவளம் உண்டோம் என்ற கணக்கும் இல்லை. அந்த நினைவை வைத்துக்கொண்டே, புகைவண்டி இலாகாவில் குமாஸ்தாவாகப் புனாவிற்கு வந்த நாள் முதல் ஆண்டுதோறும் மனைவியை வற்புறுத்தி வந்தேன்.

இங்கே ஆற்றுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு விடையாக வாய்த்தது கடக்வாஸ்லா. நகரிலிருந்து சிம்மகட் செல்லும் சாலையில் தென்மேற்கே சென்றால், முட்டா நதியின் குறுக்கே கருங்கல்லால் கட்டிய பழைய அணை ஒன்று உண்டு. 1869 இல் வேலை தொடங்கிப் பத்தாண்டுகளில் முடித்தார்கள். திட்டம் வகுத்த ஃபைஃப் என்னும் பொறியியல் அதிகாரியின் பெயரால் அந்த ஏரியை வெள்ளைக்காரர் ஃபைஃப் ஏரி என்றே வழங்கினர். ஏரிக்கு ஒரு புறம் தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் பரந்த வளாகம். தெற்கே, 1670 இல் தானாஜி உயிர் கொடுத்து மீட்ட சிம்மகட் கோட்டை மேகத்திற்குள் மறைந்தும் தெரிந்தும் நிற்கும். மழைக்காலத்தில் அந்தப் பச்சையை ஒரு முறையேனும் காணாதவர் புனாவில் இருந்தும் பயனில்லை.

இந்த அணைக்கும் நம் காவிரிக்கும் ஓர் உறவு உண்டு என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. பம்பாய் மாகாணத்தில் பணியாற்றிய விசுவேசுவரய்யா, வெள்ளம் மிகுந்தால் தாமே திறந்து, தணிந்தால் தாமே மூடும் கதவுகளை அமைத்து 1903 இல் முதன்முதலாகப் பொருத்தியது கடக்வாஸ்லாவில்தான். பின்னர் மைசூர் சென்று காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகரத்தை எழுப்பியவரும் அவரே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடியில் குளித்தலையில் பெருகும் நீர் தமிழ்நாட்டில் பெய்த மழையன்று. குடகிலும் வயநாட்டிலும் பொழியும் தென்மேற்குப் பருவமழையே மேட்டூரைக் கடந்து வருகிறது. கடக்வாஸ்லாவை நிரப்புவதும் அதே பருவமழைதான். மழை பொய்த்த ஆண்டுகளில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலேயே மக்கள் குழாய் நீரில் முழுகியதுண்டு. அப்படியிருக்க, ஆடியில் ததும்பி நிற்கும் ஏரியின் கரையில் பெருக்கு விழா கொண்டாடுவது பொருத்தமற்றதென்று யாரும் கூற முடியாது.

பொருத்தம் இருந்தும் 2023 இல் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அவ்வாண்டு பெருக்கு வியாழக்கிழமை. நான் விடுப்பு எடுத்தேன்; பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கும் என் மனைவி முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் வேலை முடிந்து வந்தாள். ஐந்து சோறு போதாதென்று வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல், உருளைக்கிழங்குப் பொரியல் என்று பட்டியலை நீட்டியவன் நானே. அண்டை வீட்டாருக்கும் கொடுத்தனுப்ப வேண்டும், நம் வீட்டுப் பண்டிகை நான்கு பேர் அறிய நடக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அவள் மூன்று மணிக்கு எழுந்தாள். நான் ஆறு மணிக்கு எழுந்து, இன்னும் ஆகவில்லையா என்று கேட்டேன்.

கட்கியிலிருந்து சுவார்கேட்டுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கடக்வாஸ்லாவுக்கு மற்றொன்று. வழியில் வாகன நெரிசல்; பாயசத் தூக்குவாளி சாய்ந்து ஒரு கல்லூரி மாணவரின் காலணியை நனைத்தது. போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஒன்றரை மணி. மழை பிடித்துக் கொண்டது. பிள்ளைகள் கரியில் சுட்ட சோளக்கதிரையும் வெங்காய பஜ்ஜியையும் தின்று பசியாறி, சோற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. மனைவி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஒரு பிடி தயிர்ச்சோறு உண்டாள். வீடு திரும்பி இரவு பத்து மணி வரையில் பாத்திரம் தேய்த்தாள். கடைசிக் குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இருபது ரூபாய்க்கு வடாபாவ் கிடைக்கிற ஊரில் இது யாருக்காக என்று சொல்லுங்கள், அடுத்த ஆண்டும் செய்கிறேன்” என்றாள். எனக்கு விடை தோன்றவில்லை.

2024 இல் அந்தப் பேச்சே எழவில்லை. ஜூலை 25 அன்று பெருமழையில் அணையிலிருந்து திறந்த நீர் சிம்மகட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. பத்து நாட்களுக்குள் அந்த ஆற்றை நோக்கிப் படையலுடன் செல்ல யாருக்கு மனம் வரும்? மனைவி நிம்மதியாக வேலைக்குப் போனாள். அன்று இரவு நான் வீடு திரும்பியபோது பால்கனியில் ஒரு பித்தளைச் சொம்பு. அதில் குழாய் நீர். கழுத்தில் மஞ்சள் சரடு. மேலே இரண்டு செவ்வந்திப் பூ. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஊறிய காப்பரிசி. தாயார் ஒருவருக்கும் சொல்லாமல் தாமே செய்திருக்கிறார்.

“ஏம்ப்பா, இந்தக் குழாய்த் தண்ணி எங்கேயிருந்து வருது?” என்று கேட்டார்.

“கடக்வாஸ்லாவிலிருந்துதான் அம்மா” என்றேன். புனா நகரம் பெரும்பாலும் குடிப்பது அந்த நீரைத்தான்.

“அப்போ அவளேதான் வந்திருக்கா” என்று கூறிப் படுக்கப் போய்விட்டார். எழுபத்து மூன்று வயதில் முழங்கால் வலியோடு இருப்பவர். குளித்தலை வீடு பங்கு பிரித்து விற்றாகிவிட்டது. இனி அவர் ஆடிக்குக் காவிரிக்குச் செல்வது எளிதன்று. அந்தச் சொம்பை என் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

2025 இல் ஆடிப் பதினெட்டு ஆகஸ்டு 3, ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. பேச்சை எடுத்தவள் மனைவியே. ஆனால் நிபந்தனைகளோடு எடுத்தாள். வடை இல்லை, பாயசம் இல்லை, பொரியல் இல்லை, அண்டை வீட்டுப் படி இல்லை. சமையலில் நால்வரும் கை வைக்க வேண்டும். தாயார் இவை எல்லாவற்றையும் ஒப்புக் கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது. “ஆத்தங்கரைக்கு யாருடி பாயசம் தூக்கிட்டுப் போவா?” என்று அவரே கேட்டார். அதாவது, நான் தொல்வழக்கம் என்று கருதி மனைவியின் தலையில் சுமத்தியதில் பாதி தொல்வழக்கமே அன்று.

சற்று எண்ணிப் பார்த்தால் சித்திரான்னம் என்பது விருந்தைவிடப் பிரயாணத்திற்கே ஏற்ற உணவு என்பது விளங்கும். ஒரே பானைச் சோறு. தட்டில் கொட்டி நல்லெண்ணெய் விட்டு ஆற வைத்து ஐந்தாகப் பிரித்தால், குழம்பும் ரசமும் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் எண்ணெயும் சோற்றை விரைவில் கெட விடா. தயிர்ச் சோற்றில் பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் விட்டுப் பிசைந்தால் நண்பகலில்தான் பதமாகப் புளிக்கும். தேங்காய்ச் சோறு ஒன்றுதான் பொறுக்காது. அதை முதலில் உண்டுவிட வேண்டும். புளிக்காய்ச்சலையும் எள்ளுப் பொடியையும் சில நாட்களுக்கு முன்பே செய்து வைக்கலாம். இனிப்புக்கு இருக்கவே இருக்கிறது காப்பரிசி: ஊறிய பச்சரிசி, வெல்லம், தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை. அதற்கு அடுப்பே தேவையில்லை.

புதன்கிழமை இரவு புளிக்காய்ச்சல் நடந்தது. தாயார் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல மனைவி செய்தாள். “ஒரு கை புளி” என்றார் தாயார். மனைவி அந்தக் கையிலிருந்த புளியை வாங்கித் தராசில் வைத்து, எடையை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துக் கொண்டாள். மிளகாய், வெந்தயம், பெருங்காயம் எல்லாம் அவ்வாறே. “இதென்ன மருந்துச் சீட்டா?” என்று தாயார் சிரித்தார். அந்தத் தாள் இன்று எங்கள் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குத்தான் எழுந்தோம். நான் மூன்று தேங்காய் துருவினேன். இதை எளிதென்று எண்ணியிருக்கும் ஆண்கள் ஒரு முறை துருவிப் பார்க்கட்டும். மகன் எலுமிச்சை பிழிந்தான். மகள் சோற்றை விசிறினாள். ஏழேகால் மணிக்கு அடுக்குச் சம்படம் மூடியாயிற்று. வாகன நெரிசல் தொடங்குமுன், ஒன்பதரை மணி அளவில், ஏரிக்கரையில் இருந்தோம். நம் அன்பர்கள் செல்வதானால் ஞாயிறன்று பத்து மணிக்குள் போய்ச் சேர்வது நலம். அதன்பின் சாலையில் நிற்பதே பயணமாகிவிடும். நீரில் இறங்கலாகாது என்று பலகைகள் உள்ளன. அவற்றை அசட்டை செய்யாதீர்கள். கரை சட்டென்று சரிந்து ஆழமாகும்.

ஓரமாகக் குனிந்து ஒரு சொம்பு நீர் மொண்டு வந்து தாயார் முன் வைத்தேன். அவர் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, பூ வைத்து, மனைவிக்கும் மகளுக்கும் சரடு கட்டினார். பிறகு காதோலையையும் கருகமணியையும் ஏரியில் விடக் கையை நீட்டினார். எனக்குத் தர்மசங்கடமாயிற்று. நகரமே குடிக்கும் நீராயிற்றே! மெதுவாகச் சொன்னேன். தாயார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “குடிக்கிற தண்ணியில போடக்கூடாதுதான்” என்று கூறி, அவற்றை ஒரு மரத்தடியில் மண்ணைக் கிளறிப் புதைக்கச் சொன்னார். நான் அஞ்சியிருந்த வாதம் நிகழவே இல்லை.

அடுத்த பாறையில் வயது முதிர்ந்த மராத்தியத் தம்பதிகள் அமர்ந்திருந்தனர். தாயார் அவர்களுக்கு முன்னும் இரண்டு தையல் இலையை வைத்துவிட்டார்; அவருக்கு மராத்தி பத்துச் சொற்களுக்கு மேல் தெரியாது. அந்த அம்மையார் தேங்காய்ச் சோற்றை வாயிலிட்டு, “எங்கள் நாரளி பாத், ஆனால் வெல்லம் எங்கே?” என்று கேட்டார். சில நாட்களில் வரவிருந்த நாரளிப் பௌர்ணமிக்கு அவர்கள் தேங்காயும் வெல்லமும் சேர்த்து அந்தச் சோறு செய்வது வழக்கமாம்.

எதற்காக இந்தச் சாப்பாடு என்று பெரியவர் விசாரித்தார். ஆறு பெருகுவதைக் கொண்டாடும் நாள் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. மராத்தியில் வெள்ளத்திற்குப் ‘பூர்’ என்று பெயர். அவர் சிறுவனாக நாராயண் பேட்டையில் இருந்தபோது, 1961 ஜூலை 12 அன்று, மேலே கட்டி முடியாதிருந்த பான்ஷேத் மண் அணை உடைந்தது. அந்த நீர் வந்து மோதி இந்தக் கடக்வாஸ்லா அணையும் அன்றே உடைய, ஆற்றங்கரைப் பேட்டைகள் மூழ்கின. “நாங்கள் மாடியிலிருந்து கூரைக்கு ஏறினோம். நீங்கள் இதற்குச் சோறு படைக்கிறீர்கள்!” என்றார்.

இதைத் தாயாருக்கு மொழிபெயர்த்தேன். “அதனாலதான் படைக்கிறது. அளவா வான்னு கேக்கிறதுக்கு” என்றார் அவர். அதைத் திரும்ப மராத்தியில் கூறியபோது பெரியவர் தலையை அசைத்து, எள்ளுச் சோற்றில் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

அந்த ஏரி நீர் செல்லும் வழியை மகளுக்குச் சொல்லிக் கொண்டிருந்தேன். முட்டா புனாவில் முளாவோடு கூடி, பீமாவில் சேர்ந்து, பண்டரிபுரத்தில் சந்திரபாகை என்று பெயர் பெற்று, ராய்ச்சூருக்கு அருகே கிருஷ்ணையில் கலக்கிறது. 1976 இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் சென்னையின் குடிநீருக்காகக் கிருஷ்ணை நீரில் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக் கொடுத்தன, 1996 இல் அது பூண்டி ஏரியை அடைந்தது. “அப்படியானால் சென்னை அத்தை இந்தத் தண்ணீரைக் குடிக்கிறாளா?” என்றாள் மகள். ஒரு துளியேனும் குடிப்பாள் என்றேன்.

இம்முறை பிள்ளைகள் சோளக்கதிரையும் தின்றார்கள், சோற்றையும் உண்டார்கள். தாயார் புளிச்சோற்றை உருட்டி முதலில் வைத்தது என் கையில் அன்று. என் மனைவியின் கையில். அவள் அமர்ந்தபடியே ஏழெட்டுக் கவளம் உண்டாள். தையல் இலைகளைப் பையில் திரட்டிக் கொண்டு இரண்டு மணிப் பேருந்தில் திரும்பினோம். மூன்று பாத்திரங்கள்தாம், அவற்றை நானே தேய்த்தேன். அடிச்சம்படத்தில் ஒரு பிடி புளிச்சோறு மிஞ்சியிருந்தது. மறுநாள் அதை அலுவலகத்திற்கு எடுத்துச் சென்றேன்.