ஆற்றுக்கு ஒரு ஐந்தொகை!

நாகர்கோவில்காரனிடம் தண்ணீரைப் பற்றிக் குறை சொல்லிப் பாருங்கள். 'எங்க ஊருக்கு ரெண்டு மழை, தெரியுமா வே?' என்று சண்டைக்கு வருவான். தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு! நானும் அந்த ரகம்தான். ஒழுகினசேரியில் பழையாற்றுப் படித்துறையிலிருந்து குதித்து நீச்சல் பழகியவன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே படியில் நின்று என் ஏழு வயது வாரிசு, "அப்பா, குதிக்கட்டுமா?" என்றான். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் கையில் ஆதாரம் இல்லை. பி.காம். படித்தவனுக்கு வவுச்சர் இல்லாமல் பேச வராதே!

கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். "மக்கா, பாட்டிலோட வாரேன். ஆத்தை மேலேருந்து பாப்போம்" என்றான்.

பைக்கில் மூன்று பேரும் சுருளகோடு போனோம். பழையாறு அந்தப் பக்கம் பிறந்து பூதப்பாண்டி, தாழக்குடி, ஒழுகினசேரி, சுசீந்திரம் என்று ஊர் ஊராக நலம் விசாரித்துவிட்டு, மணக்குடியில் கடலில் சேருகிறது.

நண்பன் பாட்டிலைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, இரண்டு மருந்து விட்டான். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாக வண்டல் இறங்கும். துளிகூட இல்லையென்றால் வெள்ளை. சுருளகோட்டில் ஸ்ட்ராங் காப்பி. திரும்பி வந்து ஒழுகினசேரியில் பார்த்தால், பால் தூக்கலான காப்பி!

"அப்போ ஆறு ஃபெயிலா?"

"அவசரப்படாதலே. ஒரு நாள் சிட்டையை வச்சு வருஷக் கணக்கு எழுதுவியா?"

மாதாமாதம், அதே இடம், அதே நேரம் பார்க்க வேண்டுமாம். காலைக்கும் மதியத்துக்குமே ஆக்ஸிஜன் மாறும். மழை ஒரு கணக்கு, கோடை ஒரு கணக்கு. சாக்கடை கலக்கும் ஒவ்வொரு இடத்திலும் மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில். வித்தியாசம் எவ்வளவோ, அது அந்தச் சாக்கடையின் பற்று. எதை முதலில் சரிசெய்வது, பணத்தை எங்கே போடுவது என்று அப்புறம் யாரும் குத்துமதிப்பாகத் திட்டம் போட வேண்டியதில்லை.

குளிக்கிற தண்ணீருக்கு அரசாங்க அளவுகோல் உண்டு: லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்ஸிஜனாவது இருக்க வேண்டும். மலக்கிருமி 100 மில்லிக்கு 500-க்குள் இருந்தால் நல்லது. 2,500-ஐத் தாண்டவே கூடாது. "அது இந்தக் காப்பிக் கலர்ல தெரியாது. லேபுக்குத்தான் போகணும்" என்றான் நண்பன்.

ஆகவே, வாரிசுக்குக் குதிக்க இன்னும் அனுமதி இல்லை. பதிலாக, மாதம் ஒருமுறை பாட்டில் பிடிக்கும் உத்தியோகம். நாற்பது பக்க நோட்டில் முதல் வரியை அவனே எழுதிவிட்டான்: 'பழையாறு. காப்பி லைட்.'