கண்டியில் ஆசிரியைக்கு ஒரு வீடு

கண்டி நகருக்குப் பணியேற்று வருபவர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஏரி தெரியும்படியாக வீடு கிடைக்குமா?" திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆங்கில ஆசிரியையாக இங்கு வந்து சேர்ந்த, காலஞ்சென்ற நம் நண்பர் ஒருவரின் மகளும் அதையே கேட்டார். அவருடன் தாயாரும் ஆறு வயதுப் பெண் குழந்தையும் வந்திருந்தனர். மூன்று நாட்கள் அவர்களுடன் நாமும் வீடு தேடி அலைந்தோம். பிற நாட்டுக்குச் சென்று கற்பிக்க எண்ணும் நம் மாணவர்களுக்கும் பயன்படுமென்று கருதி, அந்த அலைச்சலில் கண்டதையும், இந்நகரைப் பற்றி நாம் முன்னரே அறிந்ததையும் இங்கே எழுதுகின்றோம்.

அயலார் எங்கே குடியிருக்க வேண்டுமென்பதைக் கண்டியில் ஒரு காலத்தில் அரசனே முடிவுசெய்தான். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட ராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞனையும் அவனுடைய தோழர்களையும் இரண்டாம் இராஜசிங்கன் ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைத்தான். அவர்களுக்கு உணவளிப்பது ஊராரின் கடமை. ஊர் ஊராக மாற்றப்பட்ட நொக்ஸ், இறுதியில் எலதெத்த என்னும் சிற்றூரில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டான். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தான். 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூல் இன்றும் ஆராய்ச்சியாளரின் கைநூலாக விளங்குகின்றது. அரண்மனையருகே விருந்தாளியாக வைக்கப்பட்டிருந்தால், நெல் விதைப்பதையும் அறுப்பதையும் அத்துணை நுட்பமாக எழுதியிருப்பானா என்பது ஐயமே.

பின்னர் 1739 முதல் 1815 வரை நாயக்க மன்னர்கள் ஆண்டபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த அவர்களுடைய உறவினர் தமக்கெனத் தனி வீதியில் வாழ்ந்தனர். பிரித்தானியர் காலத்தில் அது மலபார் வீதி எனப் பெயர் பெற்றது. தம்மவரோடு தனியே வாழ்வது பாதுகாப்பு என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் 1815இல் கடைசி மன்னன் சிறைபிடிக்கப்பட்டு, பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டபோது அவனுடைய உற்றாரும் நாடு கடத்தப்பட்டனர். தனி வீதி அவர்களைக் காக்கவில்லை.

இன்று தெரிவு நம்முடையது. அதனாலேயே தொல்லையும் நம்முடையதாயிற்று!

முதல் நாள் ஏரிப் பக்கம் சென்றோம். 1812 அளவில் அந்தக் கடைசி மன்னன் வயலை நீர்நிலையாக்கி அமைத்த ஏரி இது. மேலேயுள்ள ராஜபிஹில்ல வீதியில் நின்று பார்த்தால், நீரும் தலதா மாளிகையும் உடவத்தகலைக் காடும் ஒரே பார்வையில் அடங்கும். வீட்டுக்காரர் அந்தப் பார்வைக்கும் சேர்த்தே வாடகை சொன்னார். சுற்றுலாப் பயணிகள் நாள் வாடகைக்குத் தங்கும் பகுதியில், மாதச் சம்பளக்காரருக்கு மலிவாக வீடு கிடைப்பது அரிது. வீதியிலிருந்து வீட்டு வாயிலுக்குச் செங்குத்தான படிகள் வேறு. ஆசிரியையின் தாயார் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"காட்சி அழகாகத்தான் இருக்கிறது, அண்ணா. ஆனால் மழைநாளில் காய்கறிப் பையோடு இதில் யார் ஏறுவது?"

அவருடைய கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. ஏரி அன்றோடு முடிந்தது.

பழைய நகருக்குள் தேடுவதும் வீண் வேலையே. 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கும் இவ்வீதிகளில் கடைகளே மிகுதி. பெரஹரா நடைபெறும் இரவுகளில் வீதிகள் மூடப்பட, வீட்டிலிருந்து வெளியே செல்வதே பெரும்பாடாகும். மலைகள் சூழ்ந்த பள்ளம் ஆகையால் வாகனப் புகையும் எளிதில் அகலுவதில்லை. விளம்பரங்களில் "நகருக்கு ஐந்து நிமிடம்" என்று எழுதியிருப்பதை வாசகர்கள் நம்ப வேண்டா. அந்த ஐந்து நிமிடம் ஞாயிறு விடியற்காலையில் அளந்தது. பாடசாலை மணியோ காலை 7.30க்கு அடிக்கின்றது. மூன்று பெருஞ்சாலைகளும் பிள்ளைகளால் நிறைந்து வழியும் வேளை அது. ஆகவே வீட்டைப் பார்ப்பதற்கு முன், வேலைநாளொன்றில் காலை ஆறேமுக்காலுக்கு அவ்வீட்டு வாசலிலிருந்து பாடசாலைக்குப் பேருந்தில் ஒருமுறை சென்று பார்ப்பது நன்று. நாம் அவ்வாறே செய்தோம். முதலில் விரும்பிய இரண்டு வீடுகள் அந்தச் சோதனையிலேயே விழுந்துவிட்டன.

இரண்டாம் நாள் பேராதனைப் பக்கம். 1952இல் கொழும்பிலிருந்து பல்கலைக்கழகம் பெயர்ந்து வந்தபின், படித்தவர் வாழும் பகுதியென்று பெயர் பெற்ற இடம். மரநிழலும் ஆற்றங்கரையும் மனத்தைக் கவர்கின்றன. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மகாவலி கரைபுரண்டு அத்தாழ்ந்த நிலங்களுக்குள் புகுந்ததை மறக்கலாகாது. அதே மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடிந்து வீழ்ந்து, உறங்கியவரை உறங்கியபடியே மூடின. ஆற்றோரத்துக்கு அஞ்சி மலைக்கு ஏறுபவரும், மலைக்கு அஞ்சி ஆற்றோரத்துக்கு இறங்குபவரும் இங்கே ஒரே கேள்வியைக் கேட்டாக வேண்டும்: அந்த நாட்களில் இந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது? தரகரிடம் கேட்பதில் பயனில்லை. அடுத்த வீட்டாரிடம் கேட்க வேண்டும். வீட்டின் முகப்பை விடப் பின்புறத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். செங்குத்தாக வெட்டிய மண்சுவர், சாய்ந்து நிற்கும் மரங்கள், சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு, புதிதாகத் தோன்றிய கலங்கல் ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடலாம். ஹந்தானைச் சரிவில் குளிர்காற்றோடு நம்மை வரவேற்ற ஓர் அழகிய வீட்டை அவ்வாறுதான் விட்டு வந்தோம். ஆசிரியைக்கு அதில் சிறிது வருத்தமே.

அன்று மாலை கட்டுகலைப் பிள்ளையார் கோயிலில் தாயார் நெடுநேரம் அமர்ந்திருந்தார். சுற்றிலும் தமிழ் ஒலித்தது. "இங்கேயே ஓர் அறை கிடைத்தாலும் போதும், அண்ணா," என்றார். அந்த ஆசையை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. 1983 ஜூலையில் இதே பேராதனை வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இவற்றையறிந்த தாய் தன் மொழி கேட்கும் தெருவைத் தேடுவது இயல்பு. ஆனால் இரு காலங்களிலும், அடுத்த வீட்டுச் சிங்களவர் கதவு திறந்து உள்ளே மறைத்து வைத்ததால் உயிர் தப்பியவர்களும் இருந்தனர். தெருவில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் முன்பே இருந்திருந்தால்தான் அக்கதவுகள் திறக்கும்.

ஆங்கிலம் கற்பிப்பவருக்கு இதில் வேறொரு காரணமும் உண்டு. சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வகுத்தது. இணைப்பவர் இரு கரையையும் அறிந்திருக்க வேண்டாமா? 'ஹால்' என்பதற்கும் 'ஹோல்' என்பதற்கும் இடையே சிங்களப் பிள்ளை ஏன் தடுமாறுகின்றது? ப என்னும் ஒரே எழுத்தை இரண்டு ஒலிகளுக்கு ஆளும் தமிழ்ப் பிள்ளை எங்கே இடறுகின்றது? இவற்றைப் பாடநூலில் படிப்பதை விட, வேலிக்கு மேலாக அயலாருடன் பேசி அறிவது எளிது.

மூன்றாம் நாள், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில், மகாவலிக்கு அண்மையிலுள்ள வட்டபுளுவைக்குச் சென்றோம். ஆசிரியையின் பாடசாலைக்கு ஒரே பேருந்தில் போகலாம். இந்தக் குடியிருப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1918இல் கண்டியில் பிறந்து, நாட்டின் முதல் பெண் கட்டடக் கலைஞராக விளங்கிய மினெட் டி சில்வா, அரசாங்க ஊழியர்களுக்காக 1950களின் பிற்பகுதியில் அமைத்தது இது. ஏறத்தாழ 250 வீடுகள். வரைபடம் வரைவதற்கு முன்பே, குடிவரப் போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களுடைய சமையல், வழிபாடு, விருந்தோம்பல் வழக்கங்களை அவர் கேட்டறிந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகியோர் தத்தம் வழக்கப்படி வாழ, ஆனால் ஒரே சரிவில் வாழ, வழி செய்தார். பெருமரங்களை இயன்றவரை காத்து, நிலத்தின் போக்கிலேயே வீதிகளை வளைத்தார். இன்று பல வீடுகள் உருமாறிவிட்டன; மாடிகள் எழுந்துள்ளன. எனினும் வளைந்த வீதிகளும் மரங்களும் அவருடைய எண்ணத்தை இன்னும் நினைவூட்டுகின்றன. ஒரு பெண்மணி கேட்டுக் கட்டியதை வேறொரு பெண்மணி கேட்டுத் தெரிந்துகொள்வது நமக்குப் பொருத்தமாகவே தோன்றிற்று.

அங்கே ஒரு வீட்டின் பின்பகுதி வாடகைக்கு இருந்தது. ஏரி தெரியாது, பலாமரமும் அயல்வீட்டுக் கொடியில் உலரும் துணியுமே தெரியும். தாயார் இம்முறை மூச்சு வாங்கவில்லை. வெள்ளத்தின்போது நீர் எதுவரை வந்தது என்பதை முன்வீட்டுச் சிங்கள மூதாட்டி கையைச் சுட்டிக் காட்டினார். அது இவ்வீட்டுக்கு வெகு கீழே. முற்பணத்தொகையைப் பற்றி வீட்டுக்காரரும் ஆசிரியையும் அரைமணி நேரம் பேசினர். அது முடியும் முன்பே, மூதாட்டியின் பேத்தியும் நம் குழந்தையும் பலாமரத்தடியில் மொழியேதுமின்றி விளையாடத் தொடங்கிவிட்டனர்.

மூன்று வாரம் கழித்து நாம் சென்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. குழந்தை ஓடி வந்து, பாட்டியின் காலைக் காட்டி, "கூடெல்லா, கூடெல்லா!" என்று கூவினாள். அட்டையைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். பாட்டி ஒரு கையில் உப்பை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.