வெய்ட் அன்டில் டார்க் (1967): இருட்டு யார் பக்கம்?

பேய்ப் படங்களுக்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ஊருக்கு வெளியே ஒரு பழைய பங்களா. உள்ளே தனியாக ஒரு இளம்பெண். சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் போகும். அவள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு "யாரது?" என்று கேட்டபடியே மாடிப்படி ஏறுவாள். "ஏம்மா அங்கே போற?" என்று தியேட்டரே கத்தும். அவள் காதில் விழாது.

இந்தப் படங்களில் எல்லாம் இருட்டு எப்போதுமே பேயின் பக்கம்தான். வெளிச்சம் வந்தால் அவள் பிழைத்தாள், போனால் செத்தாள். இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்ட படம் ஒன்று 1967-ல் வந்தது. பெயர் 'வெய்ட் அன்டில் டார்க்'. இதில் பேய் கிடையாது, பிசாசு கிடையாது. திகில் படமா, த்ரில்லரா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் பல பேய்ப் படங்களைவிட அதிகம் பயமுறுத்துகிற படம்.

(கவனிக்க: க்ளைமாக்ஸ் உட்பட முழுக் கதையும் கீழே இருக்கிறது. படம் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

முதலில் படம் வந்த கதை. ஃபிரெடரிக் நாட் என்ற நாடக ஆசிரியர் எழுதி 1966-ல் நியூயார்க் பிராட்வேயில் மேடையேறிய நாடகம் இது. ஹிட்ச்காக் 1954-ல் படமாக்கிய 'டயல் எம் ஃபார் மர்டர்' நாடகமும் இவர் எழுதியதுதான். வீட்டுக்குள்ளேயே கதையை முடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். படத்தை இயக்கியவர் டெரன்ஸ் யங். முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வை எடுத்தவர். நாயகி ஆட்ரி ஹெப்பர்ன். 'ரோமன் ஹாலிடே'யில் இளவரசியாக வந்து எல்லோரையும் கவர்ந்த அதே ஆட்ரிதான். தயாரித்தவர் அப்போது அவருடைய கணவராக இருந்த மெல் ஃபெரர்.

சரி, கதைக்கு வருவோம். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன ஃபிளாட். அங்கே சூசியும் அவள் கணவன் சாமும் இருக்கிறார்கள். சாம் போட்டோகிராபர். சூசிக்கு ஒரு விபத்தில் பார்வை போய்விட்டது. பிறவியிலேயே பார்வை இல்லாதவள் அல்ல, இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறாள். கணவனுக்கு அவள்மேல் அன்பு உண்டு, ஆனால் கொஞ்சம் கண்டிப்பு. எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டான், நீயே தேடி எடு என்பான். பார்க்கும் நமக்கே "என்ன மனுஷன் இவன்" என்று தோன்றும்.

இந்தச் சாமிடம் விமான நிலையத்தில் ஒரு பெண் ஒரு பொம்மையைக் கொடுத்துவிடுகிறாள். பொம்மைக்குள் ஹெராயின். அது அவனுக்குத் தெரியாது. அந்தப் பொம்மையைத் தேடி மூன்று பேர் வருகிறார்கள். ரோட் என்பவன் கொலைகாரன், எப்போதும் கறுப்புக் கண்ணாடி. மற்ற இரண்டு பேர், டால்மனும் கார்லினோவும், ஏமாற்றிப் பிழைப்பவர்கள். ரோட்டாக நடித்தவர் ஆலன் ஆர்கின். அவர் சத்தம் போடுவதில்லை, முறைப்பதில்லை. மெதுவாகப் பேசுகிறார், அவ்வளவுதான். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. மூவரும் வீட்டுக்குள் இருக்கும்போது சூசி வந்துவிடுகிறாள். மூச்சை அடக்கிக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறார்கள். அவள் அவர்களுக்கு நடுவிலேயே நடந்து போகிறாள். அலமாரிக்குள் ஒரு பிணம் தொங்குகிறது. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் தொட்டுவிடுவாள். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்த இடத்தில் நாமும் அந்த மூன்று பேர் மாதிரிதான். நாமும் மூச்சை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பொம்மை கிடைக்கவில்லை. அதனால் மூன்று பேரும் அவளை வைத்து ஒரு நாடகம் போடுகிறார்கள். டால்மன் கணவனின் பழைய ராணுவ நண்பனாக வருகிறான். கார்லினோ போலீஸ் அதிகாரி. ரோட் ஒரு முறை கிழவனாகவும் இன்னொரு முறை அந்தக் கிழவனின் மகனாகவும் வருகிறான். கண் தெரியாதவள்தானே, என்ன தெரிந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

அங்கேதான் சறுக்குகிறார்கள். கிழவன் நடக்கும்போது கிறீச்சிட்ட அதே ஷூ, மகன் நடக்கும்போதும் கிறீச்சிடுகிறது. போலீஸ்காரர் எதற்காக அடிக்கடி எதையோ துணியால் துடைக்கிறார்? வருகிறவர்கள் எல்லோரும் எதற்காக ஜன்னல் மறைப்பைத் திறந்து திறந்து மூடுகிறார்கள்? (வெளியே இருக்கும் கூட்டாளிக்கு அது சைகை.) மூன்று பேரும் கண்ணுக்குத்தான் வேஷம் போட்டார்கள். அவளுக்கோ கண்ணே தேவைப்படவில்லை.

இதில் மாடியில் குடியிருக்கும் குளோரியா என்ற சிறுமியைச் சொல்லியே ஆக வேண்டும். சோடாபுட்டிக் கண்ணாடி, முசுட்டுக் குணம். ஒரு காட்சியில் கோபம் வந்து சமையலறைச் சாமான்களை எல்லாம் தூக்கித் தரையில் எறிகிறாள். சூசி தவித்துப்போகிறாள். கண் தெரியாத பெண்ணிடம் இப்படியா நடந்துகொள்வது? ஆனால் படத்தில் அவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லாத இரண்டே பேர், சாமும் இந்தக் குளோரியாவும்தான். கடைசியில் உதவியாக நிற்பதும் இந்தச் சிறுமிதான். டால்மன் தன்னுடையது என்று கொடுத்த தொலைபேசி எண், எதிரே தெருவில் இருக்கும் பூத்தின் எண் என்று கண்டுபிடிக்க உதவுகிறாள். உண்மையான அன்போடு, நல்ல குரலில், மரியாதையாகப் பேசிய டால்மனோ திருடன். பாவம் பார்த்தவன் ஏமாற்ற வந்தவன், பாவம் பார்க்காதவர்கள் சொந்தக்காரர்கள். படம் இதை எங்கும் வசனமாகச் சொல்வதில்லை.

தொலைபேசி வயர் அறுக்கப்பட்டுவிடுகிறது. குளோரியாவைச் சாமை அழைத்துவர அனுப்பிவிட்டு சூசி தனியாக இருக்கிறாள். வெளியே போக வழியில்லை, வருகிறவன் கொலைகாரன். என்ன செய்கிறாள்? கட்டையை எடுத்துத் தேடுகிறாளா? கதவை முட்டுக் கொடுக்கிறாளா? இல்லை. வீட்டில் இருக்கும் பல்புகளை ஒவ்வொன்றாக உடைக்கிறாள்!

வாய்ப்பாடு தலைகீழானது இங்கேதான். இருட்டில் தடுமாறப்போவது அவள் அல்ல, அவன். எத்தனை அடி நடந்தால் மேஜை, எங்கே திரும்பினால் அடுப்பு என்று அவளுக்குத் தெரியும். மாதக்கணக்காக முட்டி மோதிக் கற்றுக்கொண்ட வீடு அது. அன்றைக்குக் கணவன் எடுத்துக் கொடுக்காமல் விட்ட ஒவ்வொரு பொருளும் இன்றைக்கு ஒரு ஆயுதம். போட்டோ கழுவும் ரசாயனத்தைக்கூட எடுத்துத் தயாராக வைத்துக்கொள்கிறாள்.

ஆனால் ஒரு விளக்கை மறந்துவிட்டாள். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் விளக்கு. பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் அது ஒரு விளக்கு. அவளுக்கு அது ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். ரோட் ஃபிரிட்ஜைத் திறந்துவிடுகிறான், கதவு மூடாமல் இருக்கத் துணியையும் செருகிவிடுகிறான். அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சம் பரவும்போது நமக்கு வருகிற பயம் இருக்கிறதே... வெளிச்சத்தைப் பார்த்து பயப்பட வைத்த படம் வேறு எது?

அதற்குப் பிறகு ரோட் பாய்ந்து வரும் ஒரு நொடி உண்டு. அதை எழுதிப் புரியவைக்க முடியாது. படம் வெளியானபோது கடைசி எட்டு நிமிடங்களில் தியேட்டர் விளக்குகளையும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் குறைப்போம் என்றே விளம்பரம் செய்தார்கள். பார்வையாளர்களையும் அந்த வீட்டுக்குள்ளேயே பூட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஹென்றி மான்சினியின் இசையும் சும்மா இல்லை. இரண்டு பியானோக்களில் ஒன்றைக் கால் ஸ்வரம் விலக்கி சுருதி வைத்து வாசிக்க வைத்தார். எங்கோ ஏதோ சரியில்லை என்று காது சொல்லிக்கொண்டே இருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு பொம்மைக்காக இவ்வளவு பெரிய நாடகம் எதற்கு, முதல் நாளே கத்தியைக் காட்டி மிரட்டியிருக்கலாமே என்று கேட்டால் படத்தில் திருப்தியான பதில் இல்லை. மேடை நாடகத்தின் வாசனை நடுவில் அதிகமாக அடிக்கிறது. கண் தெரிந்த நடிகை கண் தெரியாதவளாக நடிப்பது சரியா என்ற கேள்வியும் இன்று எழும், நியாயமான கேள்விதான். ஆட்ரி இதற்காகவே நியூயார்க்கில் பார்வையற்றோருக்கான 'லைட்ஹவுஸ்' அமைப்பில் பயிற்சி எடுத்துக்கொண்டார். தட்டுத்தடுமாறும் வழக்கமான சினிமாத்தனம் அவரிடம் இல்லாததற்கு அது காரணம். சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், ஆனால் பரிசு இன்னொரு ஹெப்பர்னுக்கு (கேத்ரின்) போனது. இதற்குப் பிறகு 1976 வரை ஆட்ரி படமே நடிக்கவில்லை.

2016-ல் வந்த 'டோன்ட் ப்ரீத்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். அதில் வீட்டுக்காரக் கிழவனுக்குக் கண் தெரியாது. திருட வந்து உள்ளே மாட்டிக்கொள்பவள்தான் இளம்பெண். அங்கேயும் விளக்கு அணைகிறது, அங்கேயும் வீட்டுக்காரன் கைதான் ஓங்குகிறது. ஆனால் அங்கே பார்வையற்றவர் அரக்கனாகிவிட்டார். சூசி அப்படி ஆகவில்லை. கடைசிவரை பயந்து நடுங்கும் சாதாரணப் பெண்தான். நடுங்கிக்கொண்டே யோசிக்கிறாள்.

எல்லாம் முடிந்து சாமும் போலீஸும் ஓடிவரும்போது சூசி அந்த ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். கத்தியோடு வந்தவன் செத்துக் கிடக்கிறான். காப்பாற்ற வந்தவர்களுக்கு அங்கே செய்வதற்கு வேலை எதுவும் மிச்சமில்லை.

பார்க்க விரும்புகிறவர்கள் இரவில் பாருங்கள், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். முடிந்ததும் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை.