சின்ன ஊருக்குச் சின்ன விமானம்

விமானம் என்றதும் முந்நூறு பேரைச் சுமந்து கடல் தாண்டும் பெரிய விமானமே பலருக்கும் நினைவுக்கு வரும். சேலத்துப் பெண்களாகிய எங்களுக்கோ, காமலாபுரத்தில் வந்து இறங்கும் ஏ.டி.ஆர். விமானந்தான். இரு பக்கமும் விசிறி சுழல, எழுபது பேருக்கு மேல் அமரக்கூடியது. “பஸ்ஸுக்கு இறக்கை வைத்தாற்போல!” என்று தோழி ஒருத்தி வகுப்பில் கேலி செய்ய, கணக்குப் பாடம் நடத்தும் சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்கள். “திருவிழா அண்டாவில் நாலு பேருக்குச் சோறு வடிப்பாயா?” என்று கேட்டுவிட்டு, அதையே ஒரு கணக்காகக் கரும்பலகையில் எழுதினார்கள்.

ஓர் ஊருக்கு ஒரு வேளையில் 60 பேர்தாம் பயணம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 180 இருக்கை விமானத்தை விட்டால் 120 இருக்கை காலி. காலியாக இருப்பதால் எஞ்சின் குடிக்கும் எண்ணெய் பெரிதாகக் குறைந்துவிடாது; தரையிறங்கும் கட்டணமும் குறையாது. 76 இருக்கை விமானமானால் 16 தான் காலி. இருக்கைக்கு இவ்வளவு என்று வகுத்தால் பெரிய விமானமே மலிவு; ஆனால் இருக்கை நிறைந்தால்தானே! நிறையாத ஊருக்கு, ஒருமுறை போய்வர மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பதே கணக்கு. மேலும், நாளுக்கு 150 பேர் போகும் ஊருக்குப் பெரிய விமானம் ஒருமுறை வருவதைவிடச் சின்னது காலையும் மாலையும் வந்தால், போன வேலையை முடித்து அன்றே வீடு திரும்பலாம் அன்றோ?

சிஸ்டரின் சொந்த ஊர் கர்நாடகத்திலுள்ள கலபுரகி. அங்கிருந்து பெங்களூர் செல்ல இரவெல்லாம் ரயிலில் கழிப்பார்களாம். 2019 நவம்பர் 22-ஆம் நாள் அங்கே விமான நிலையம் திறந்தபோது பெங்களூரிலிருந்து வந்தது 50 இருக்கை கொண்ட எம்ப்ரேயர் ஜெட். பிரேசில் நாட்டில் செய்யப்பட்டது. நடைபாதைக்கு ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறுபக்கம் இரண்டு. ஒற்றை இருக்கையில் அமர்ந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், ஜெபமாலை சொல்ல வசதி என்று சிஸ்டர் சொல்ல, வகுப்பே சிரித்தது. அருகிலுள்ள ஊர்களுக்கு விசிறி விமானம் சிக்கனம். தூரம் கூடக்கூட ஜெட் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

ஆயினும் சின்ன விமானம் எங்கும் வெற்றி பெற்றுவிடவில்லை. அமெரிக்காவில் 1990-களில் 50 இருக்கை ஜெட்டுகள் சிற்றூர்களுக்கெல்லாம் பறந்தன. 2008-இல் எண்ணெய் விலை ஏறியதும் செலவை ஐம்பது பேர் மேல் சுமத்த முடியாமல் பல விமானங்கள் ஓரங்கட்டப்பட்டன. நம் நாட்டில் 2016-இல் அறிவித்த ‘உடான்’ திட்டத்தில், சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு வரம்பு வைத்தார்கள். நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை. நான்காம் ஆண்டு? அந்தக் கேள்விதான் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

சேலத்துக்கு 2018 மார்ச்சில் சென்னை விமானம் வந்தது. எங்கள் பாட்டிக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டிருந்த காலம் அது. மாதந்தோறும் சென்னையில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முழங்கால் வலியால் ரயில் படி ஏற முடியாது. விமானத்தில் போய்விட்டு வந்தால் மறுநாள் கோயிலுக்கு வருவார்கள். 2021-இல் விமானம் நின்றது. ஓடுபாதையின் நீளம் 1,800 மீட்டரைச் சற்றே தாண்டும். பெரிய விமானம் முழுச் சுமையோடு வந்து போக அது போதாது. சின்னது நின்றால் எல்லாமே நின்றது போலத்தான். வாடகைக் காரில் போனோம். திரும்பியதும் பாட்டி மூன்று நாள் படுத்துவிடுவார்கள். பிறகு, “இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடத் தொடங்கினார்கள். தள்ளிப்போட்ட மாதங்களில் பார்வை மேலும் குறைந்தது.

2023 அக்டோபரில் விமானம் மறுபடி வந்தது. பாட்டியை அழைத்துவரக் காமலாபுரம் போகும்போதெல்லாம், வெளியே வருகிறவர்களை நாங்கள் ஒவ்வொருவராக எண்ணுகிறோம். கூட்டம் குறைந்தால் அப்பாவின் முகமும் வாடிவிடும். கடைசியாகப் போனபோது ஐம்பத்தொன்றுவரை எண்ணினோம். ஐம்பத்திரண்டாவதாகச் சக்கர நாற்காலியில் பாட்டி வந்தார்கள்.