ஒண்ணாங்கிளாஸ் எக்ஸ்பிரஸ்

பி.காம். படித்தவனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது! என் அக்கா அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டாள். ''கணக்குப் படிச்சவன்தானேடா? சனிக்கிழமை வந்து சுவத்தை அளந்து குடு. கிளாஸ்ல ரயில் விடணும்'' என்று உத்தரவு.

அக்கா, திருப்பூர் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். மொத்தமே ரெண்டு டீச்சர்கள்தான். (அறுபது பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு டீச்சர் என்பது 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு.) அதில் ஒருவர் ஹெச்.எம்.! அதாவது, ஸ்டாஃபில் பாதிப் பேர் மேனேஜர். நம் ஆபீஸ்களிலும் விகிதாசாரம் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒண்ணு, ரெண்டு, மூணு... மூன்று வகுப்பும் அக்காவின் ஒரே அறையில். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைப் படிக்கிற நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால், நமக்கு அப்ரைசலில் இப்படிப் பெயர் வைத்தால் என்ன ஆகும்? பத்து வருஷ சர்வீஸ் போட்டவன் 'நான் இன்னும் அரும்புதானாம்' என்று டீக்கடையில் நின்று அழுவான்.

போய்ப் பார்த்தேன். இருபதடிக்கு இருபதடி அறை. தலைவர்கள் படமெல்லாம் உத்தரத்தை ஒட்டித் தொங்க, அதற்குக் கீழே ஆறடி உயரத்தில் 'அம்மா, ஆடு, இலை' சார்ட். படிக்க வேண்டிய ஆசாமியின் உயரமோ நாலடிகூட இல்லை. அந்த சார்ட்டை இத்தனை வருஷமாகப் படித்துப் பயனடைந்தவர் ஹெச்.எம். ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் இது புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' ஆரம்பித்தபோதே, சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதுகிற உயரத்தில் கரும்பலகை வைத்தார்கள். கபீர் வாஜ்பேயி என்ற கட்டடக் கலைஞர், பள்ளிக் கட்டடத்தையே பாடப் புத்தகமாக்கலாம் என்று ஒரு முறையே உருவாக்கியிருக்கிறார். கதவு திறந்து மூடும் இடத்தில் தரையில் கோணங்களை வரைந்து வைத்தால், கதவைத் தள்ளுகிறவன் 'தொண்ணூறு டிகிரி' என்று தெரிந்துகொள்கிறான். செலவு? ஒரு சின்ன டப்பா பெயின்ட்!

சரி, ஏன் ரயில்? காரணம் மஞ்சள் கலரில் இருக்கிறது. தினமும் காலையில் பக்கத்து டவுன் நர்சரி ஸ்கூல் வேன் ஒன்று ஊருக்குள் வருகிறது. மேலெல்லாம் கரடி பொம்மை. போன வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு அக்காவிடம் வந்து சேர்ந்தது நாலே பேர். ''அவங்க கரடியக் காட்டறாங்க. நாம ரயிலைக் காட்டுவோம்'' என்றாள். ராஜஸ்தானில் அல்வர் என்ற ஊரில் ஓர் அரசுப் பள்ளியை அச்சு அசலாக ரயில் பெட்டி மாதிரி பெயின்ட் அடித்த படம் நாடு முழுக்கச் சுற்றியதே, அதைப் பத்திரமாக செல்போனில் வைத்திருந்தாள்.

அளந்தேன். பக்கவாட்டுச் சுவரும் பின்சுவரும் சேர்ந்து நாற்பதடி. இஞ்சினுக்கு நாலடி. மீதி முப்பத்தாறு அடியில் உயிரெழுத்துக்குப் பன்னிரண்டு பெட்டி, ஆய்தத்துக்கு ஒன்று, ஆக பதின்மூன்று. பெட்டிக்கு ரெண்டே முக்கால் அடி போக, மூணு அங்குலம் மிச்சம். பேலன்ஸ் ஷீட் டேலி ஆன சந்தோஷம் எனக்கு!

வரைய வந்தவர் ஒரு பெயின்டர் அண்ணன். ஃப்ளெக்ஸ் போர்டு வருவதற்கு முன்னால் சுற்று வட்டாரத்து சுவர் விளம்பரமெல்லாம் இவர் கைவண்ணம்தானாம். ''ஏனுங்க தம்பி, ரயிலுங்களா? ஜம்முனு பண்ணிப்போடலாமுங்க'' என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம், அணில் கும்பிடு போட்டுக்கொண்டு ஓட்டு கேட்பது மாதிரி வந்தது. ஆமைக்கு மீசை. 'ஔ' பெட்டியில் ஔவையாரின் கைத்தடி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ''கையை வெளியே நீட்டக் கூடாது'ன்னு நாம பாடம் எடுக்கிறோம், பாட்டியே நீட்டறாங்களே'' என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கலரில் பெரிய கலவரம். நீல ரயில்தான் ரயில் என்றார் ஹெச்.எம். ''சார், அது பழசு. வந்தே பாரத் வெள்ளை'' என்றான் ஒரு மூணாங்கிளாஸ். ''இப்ப காவியும் இருக்குது'' என்றது ஒரு வாண்டு. (எல்லாமே நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்-பில் செய்ததுதான். 1955-ல் ஆரம்பித்த தொழிற்சாலை.) கடைசியில் ஹெச்.எம். வீட்டு கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய நீலப் பெயின்ட் ஒரு லிட்டர் இருந்ததால் தகராறு தீர்ந்தது.

ஆய்த எழுத்தைத்தான் எங்கே ஏற்றுவது என்று குழப்பம். அக்கா யோசிக்கவே இல்லை. ''அதுக்குத் 'தனிநிலை'ன்னே பேர் இருக்கு. கார்டு பெட்டியில தனியா விடு'' என்றாள். கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரியுமே, அந்த இடத்தில் ஃ, மூன்று புள்ளியும் சிவப்பு. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. (2022-லிருந்து கார்டுக்கு 'ட்ரெயின் மேனேஜர்' என்று பேர். சம்பளம் மட்டும் அதேதான். ஆபீஸ் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.)

இங்கே ஒரு சண்டை. ரயில் ஜோரில் ஹெச்.எம். கரும்பலகைச் சுவரிலும் ஒரு காடு, மேலே ஜிகினாவில் நட்சத்திரம், தெர்மாகோல் மேகம் என்று அடுக்க ஆரம்பித்தார். நான் சும்மா இருக்காமல், படித்ததை எடுத்து விட்டேன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014-ல் ஓர் ஆய்வு. 24 குட்டிப் பிள்ளைகள், ரெண்டு வாரம், ஆறு பாடம். சுவர் முழுக்க அலங்காரம் இருந்த அறையில் பிள்ளைகள் 38.6 சதவிகித நேரம் வேடிக்கை பார்த்தார்கள். வெறும் சுவரில் 28.4. பரீட்சையில் அலங்கார அறையில் 42 சதவிகிதம் சரி, வெறும் சுவர் அறையில் 55!

''அப்படீன்னா வெறும் சுவத்துலயே பாடம் நடத்தச் சொல்றியா?'' என்றாள் அக்கா. ''மார்க்கு வரும் தம்பி, இல்லேங்கலை. ஆனா மொதல்ல பையன் படியேறி உள்ள வரணுமே! அழுதுட்டு வாசல்ல நிக்கற பிள்ளைக்கு உன்ற 55 சதவிகிதம் என்ன பண்ணும்?''

பதில் சொல்ல முடியாத கேள்வி. இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளைப் பார்த்து 2015-ல் சொன்னதுதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுவரில் 20-லிருந்து 50 சதவிகிதம் வரை காலியாக விடுங்கள் என்றார்கள். அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள்: பிள்ளைகள் பார்த்து உட்காருகிற சுவர் வெறும் சுவர். ரயில் முதுகுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் மட்டும். ''ஆபீஸருங்க வந்து போட்டோ எடுத்தா முன்னாடி மொட்டையாத் தெரியுமேம்மா'' என்று ஹெச்.எம். ரெண்டு நாள் வருத்தப்பட்டார். ஜிகினா இன்னும் பீரோவில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை.

அக்காவின் வகுப்பில் ஒரு பையன். அப்பா, அம்மா பக்கத்து நூல் மில்லில் வேலை. ஒடிசாவில் சம்பல்பூர் பக்கம் சொந்த ஊர். பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுக்குத் தட்டை நீட்டுவான், உட்காருவான், போவான். அக்காவுக்கு ஒடியாவும் தெரியாது, இந்தியும் தெரியாது.

ரயில் காய்ந்த திங்கட்கிழமை, அவன் இஞ்சினிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தானாம். கடைசிப் பெட்டி வந்ததும் ஃ-ஐத் தொட்டுப் பார்த்தான். பெட்டிக்குள் வேறு ஒன்றும் வரையவில்லை, வெறும் நீலம். திரும்பி அக்காவைப் பார்த்து, ''ஜெனரல்?'' என்றான்.

அவன் கேட்டது நியாயம்தான். தன்பாத் எக்ஸ்பிரஸ்ஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்தவன் அவன். நிஜ ரயிலில் கார்டு பெட்டி முழுக்கக் கார்டுக்கு இல்லை. பாதி லக்கேஜ், பாதி ஜெனரல். அந்த அறையில் ஹெச்.எம். உட்பட அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

அக்கா சாக்பீஸைக் கொடுத்தாள். அணிலும் ஆமையும் ஜன்னலுக்கு ஒன்றாக சொகுசாகப் போகிற ரயிலில், அவன் பெட்டியில் மட்டும் ஜனம். சீட்டில் ஆறு பேர், லக்கேஜ் வைக்கிற இடத்தில் ரெண்டு பேர், வாசற்படியில் கால் தொங்கப் போட்டு ஒருத்தர், கக்கூஸ் பக்கத்தில் குத்தவைத்து ஒரு பெண். ரெண்டு கம்பிக்கு நடுவே துணி கட்டி அதற்குள் ஒரு குழந்தை. அதைப் பார்த்ததும் வகுப்பே ''தூளி! தூளி!'' என்று கத்தியது. அவனும் திரும்பச் சொன்னான். முதல் தமிழ் வார்த்தை. 'அம்மா'வும் இல்லை, 'ஆடு'ம் இல்லை!

பெயின்டர் அண்ணனைக் கூப்பிட்டு, சாக்பீஸ் கோட்டின் மேலேயே வெள்ளைப் பெயின்ட் ஓட்டச் சொன்னாள் அக்கா. ''கோடு வளைஞ்சு நெளிஞ்சு கெடக்குதுங்களே டீச்சர், நேர் பண்ணிரலாமுங்களா?'' என்றவரிடம், ''தொட்டீங்கன்னா பாருங்க!'' என்றாளாம். மொத்தச் செலவு 6,480 ரூபாய். ஹெச்.எம். ரெண்டாயிரம் போட்டார். மீதி யார் தலையில் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பையனின் அம்மா ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு பார்க்க வந்தாள். குனிந்து, கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு மகனிடம் ஏதோ கேட்டாள்.

''என்னடா சொல்றாங்க அம்மா?'' என்றாள் அக்கா.

அவன் வார்த்தை தேடி, இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினான். தலையில் வைப்பது மாதிரி. பின்னால் இருந்து யாரோ, ''மூட்டை, டீச்சர்! மூட்டையை வரையலையாம்!'' என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்னாலேயே மூட்டையும் ஏறிவிட்டது. அந்தப் பெண்ணைவிடப் பெரிசு.